மூன்றாவது மாடியில் நெட் ஸ்லோ

இருபத்திரண்டு அடிக் கம்பத்தில் செருப்பில்லாமல் ஏறி இறங்குகிற மனிதர், பன்னிரண்டு படிகளில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்து செத்துப்போனார் என்று போலீஸ் எழுதி முடித்திருந்தது.

ஏட்டம்மா படிகளை எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டுதான். முதல் மாடி வளைவில், இரண்டு நாளாகக் கழுவியும் போகாத கறை. பக்கத்துச் சுவரில் இடுப்புயரத்துக்கு நாலு இடத்தில் தெறித்திருந்தது.

"வழுக்கி விழுந்தா ரத்தம் தரையில இருக்கும். சுவர்ல எப்படி நாலு தெறிப்பு?"

"முதல் தடவை விழுந்தது சரியில்லைன்னு எழுந்து எழுந்து விழுந்திருப்பார்," என்றான் கம்பி.

ஏட்டம்மா சிரிக்கவில்லை. போலீஸ் வேலையை உதறி ஆறு வருஷமாகியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. ஐம்பத்து மூன்று வயது, தேய்ந்த இடது முட்டி, எதையும் இரண்டு தடவை பார்க்கிற கண். கம்பிக்கு முப்பத்தைந்து. ஆள் ஒல்லி என்பதால் அந்தப் பெயர். ஏழு வருஷம் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்துவிட்டு, வாய் அடங்காததால் வெளியே அனுப்பப்பட்டு, அவளுடைய துப்பறியும் வேலையில் வந்து சேர்ந்தவன்.

செத்தவர் ஒரு கேபிள் ஆபீசில் வீடு வீடாக இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிற லைன்மேன். அவருடைய மனைவி நேற்று ஏட்டம்மாவின் எதிரில் உட்கார்ந்து, அழாமல், ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"படியில இறங்கிட்டே எனக்குப் போன் பண்ணினார்க்கா. 'ஒரு பேரைச் சத்தமா படிச்சுத் தொலைச்சிட்டேன், படிச்சிருக்கக் கூடாது'ன்னார். என்ன பேருன்னேன். 'வீட்டுக்கு வந்து சொல்றேன், யாரோ கூப்பிடறாங்க'ன்னு வச்சிட்டார். போன் பேசிட்டே இறங்கினதால விழுந்தார்னு போலீஸ் சொல்லுது. போனை வச்சதுக்கு அப்புறம்தானே விழுந்தார். எல்லாரும் நான்தான் பேசிக் கொன்னேன்ங்கிற மாதிரி பார்க்கிறாங்க."

அவள் கொடுத்துவிட்டுப் போன லைன்மேனின் புகார் நோட்டில் கடைசி மூன்று வரிகளும் ஒரே வீட்டைப் பற்றியவை. திங்கள்: மூன்றாவது மாடி, பழைய ரவுட்டர் உடைஞ்சிருக்கு, புதுசு மாத்தியாச்சு. செவ்வாய்: அதே வீடு, நெட் ஸ்லோ. புதன்: அதே வீடு, நெட் ஸ்லோ, நேரில் போகணும்.

புதன்கிழமை நேரில் போனார். திரும்பவில்லை.

இன்று வெள்ளி. காலையில் அதே வீட்டிலிருந்து கேபிள் ஆபீசுக்கு இன்னொரு போன். நெட் ஸ்லோ, உடனே ஆள் அனுப்புங்க. ஆபீஸ் முதலாளி ஆளுக்குப் பதிலாக ஏட்டம்மாவுக்கு இரண்டு சட்டைகளை அனுப்பினார்.

"நல்லாக் கேட்டுக்கோ," என்றாள் ஏட்டம்மா, கம்பெனிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டபடி. "அங்க என்ன பேரைப் பார்த்தாலும் வாயில வரக் கூடாது."

"என் பேரைக் கேட்டாக்கூட சொல்ல மாட்டேன்."

அவள் மூன்றாவது மாடிக் கதவின் மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவர், வீட்டிலிருந்தே முப்பது பேரை வேலை வாங்குகிற ஒரு கம்பெனி மேனேஜர். இஸ்திரி போட்ட சட்டை. நிதானமான சிரிப்பு. வலது கை முட்டிகளில் மட்டும் காய்ந்த சிராய்ப்பு.

"வாங்க மேடம். முந்தாநாள் வந்தவர் பாவம். பார்த்துப் போங்கன்னு நான்தான் சொன்னேன். யார் கேக்கறா."

"வீட்ல அம்மா இல்லையா சார்?"

"அவ அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. பத்து நாள் ஆச்சு."

கதவுக்குப் பக்கத்தில் செருப்பு அலமாரி. பெண் செருப்பு மூன்று ஜோடி, வரிசையாக, மெல்லிய தூசியோடு. அம்மா வீட்டுக்குப் போனவள் வெறுங்காலோடு போயிருக்கிறாள் என்று ஏட்டம்மா மனதுக்குள் எழுதிக்கொண்டாள்.

ஹாலில் ஐந்து படங்கள் மாட்டியிருந்தன. மலை, அருவி, குதிரை. எல்லாம் நெஞ்சுயரத்தில்.

"குள்ளமான குடும்பம் போல," என்று கம்பி அவள் காதருகே முணுமுணுத்தான்.

மேனேஜர் ஆறடி இருந்தார். அவர் முதுகைத் திருப்பியபோது ஏட்டம்மா குதிரைப் படத்தின் ஓரத்தை ஒரு விரலால் தள்ளினாள். பின்னால் சுவர்ப்பூச்சு உள்வாங்கி, ஒரு முஷ்டி போகிற அளவுக்குக் குழி. அருவிக்குப் பின்னாலும் அதே. மலைக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு வெட்டு. பழைய ரவுட்டர் எப்படி உடைந்தது என்று அந்த வெட்டு சொன்னது.

"ஏன் சார் ஸ்லோவாகுது?" என்று கம்பி ரவுட்டர் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். நாலு கொம்பு வைத்த புது ரவுட்டர், வண்டு மாதிரி பளபளத்தது.

"அதைத்தான் நீங்க சொல்லணும். இருக்கறதுலயே பெரிசா வாங்கினேன். பழசு படுக்கையறைக்கே எட்டாது. இது தெருவுக்கே எட்டும்னு கடையில சொன்னான்."

"புதுசு மாத்தினதும் டிவி, லேப்டாப்புன்னு எல்லாத்துலயும் மறுபடி பாஸ்வேர்டு போட்டீங்களா?"

"இல்ல. அந்த ஆளே பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் புதுசுல ஏத்திட்டார். எல்லாம் தானா ஒட்டிக்கிச்சு."

கம்பி தலையாட்டினான். லைன்மேன்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. பேரும் பாஸ்வேர்டும் மாறினால் வீட்டிலுள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் சொல்லிக்கொடுக்க அரை நாள் போகும். மாறாவிட்டால், எப்போதோ ஒரு தடவை இந்த வீட்டு நெட்டைத் தொட்ட எல்லாமே, எட்டுகிற தூரத்தில் இருந்தால், கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும்.

அவன் போனில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, எதெல்லாம் ஒட்டியிருக்கிறது என்ற பட்டியலை எடுத்தான். டிவி. லேப்டாப். மேனேஜரின் போன். நாலாவதாக ஒன்று.

மைனா போன்.

கம்பி திரையை ஏட்டம்மா பக்கம் சாய்த்துக் காட்டினான். ஆனால் வாய் திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"ஒரு போன் நாலு நாளா எதையோ மேல ஏத்திட்டே இருக்கு சார். அதான் மத்ததுக்கெல்லாம் மூச்சு முட்டுது. ஒரே தட்டுல தடுத்துடலாம். தட்டவா?"

"வேண்டாம்," என்றார் மேனேஜர். "முதல்ல அது எங்க இருக்குன்னு பாருங்க."

"உள்ள ஒயர் ஓடற இடத்தைக் கொஞ்சம் பார்த்துட்டு வரேன்," என்று எதையோ சொல்லிவிட்டு ஏட்டம்மா படுக்கையறைக்குள் போனாள். அவர் கவனிக்கவே இல்லை. அவர் கண் முழுக்கக் கம்பியின் போனில் இருந்தது.

படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

அவள் அங்கேயே ஒரு நொடி நின்றாள். ஆட்களை வெளியே நிறுத்த உள்ளே தாழ் போடுவார்கள். வெளியே தாழ் போடுவது உள்ளே இருப்பவரை நிறுத்த. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாளுக்கு நேராக ஒரு பழைய காலண்டர் ஒட்டியிருந்தது. வருஷம் முடிந்துபோன காலண்டர்.

கட்டிலுக்கு அடியில் உடற்பயிற்சிக்குத் தூக்குகிற இரண்டு டம்பெல்கள், ஐந்து கிலோ, ஜோடி. ஒன்றின் மேல் விரல் வைத்தால் பதிகிற அளவுக்குத் தூசி. இன்னொன்று சோப்புப் போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது.

ஜோடியாக வாங்கியதை ஒற்றையாக எவன் கழுவுவான்.

அப்போதுதான் ஹாலில் கேட்ட இரண்டு வாக்கியங்களும் அவள் மூளையில் பொருந்தின. ஒரு தட்டுத் தட்டினால் நெட் சரியாகிவிடும். புதன்கிழமையே லைன்மேன் அதைச் சொல்லியிருப்பார். ஆனாலும் இந்த ஆள் இன்னும் தட்டவில்லை. மறுபடி புகார் கொடுத்து மறுபடி ஆள் வரவழைத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது நெட் இல்லை. அந்த போன்.

அவள் திரும்புவதற்குள் கம்பி அறைக்குள் வந்துவிட்டான். கையில் ரவுட்டர். அதிலிருந்து நீளமான ஒயர் ஹால் வரை ஓட, மேனேஜர் பின்னாலேயே ஒயரைச் சுருள் சுருளாக விட்டுக்கொண்டு வந்தார்.

"ரவுட்டரை நகர்த்தினா போதும் சார், திருடனே கையைத் தூக்கிடுவான். ஹால்ல வச்சா அந்த போனுக்கு சிக்னல் ரெண்டு கோடு. அடுப்படியில ஒண்ணு. இங்க பாருங்க, நாலு." அவன் குனிந்து ரவுட்டரைத் தரையில் வைத்தான். "அஞ்சு. ஃபுல்."

"கம்பி," என்றாள் ஏட்டம்மா.

"நேர் கீழ சார். ரெண்டாவது மாடி. இதே அறைக்கு அடியில."

கீழே எங்கோ ஒரு மோட்டார் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் தரை வழியாகக் கேட்டது.

"ரொம்ப நன்றி," என்றார் மேனேஜர், அதே சிரிப்போடு. "அந்த ஆளும் இப்படித்தான் தரையில வச்சுப் பார்த்தான். எங்கன்னு கேட்டேன். தெரியாதுன்னான். படியில போய் மறிச்சும் கேட்டேன். அப்பவும் தெரியாதுன்னான்."

அவர் குனிந்தது ஒயரை எடுக்க என்றுதான் கம்பி நினைத்தான். நிமிர்ந்தபோது கையில் கழுவிய டம்பெல் இருந்தது.

முதல் அடி கம்பியின் தோளில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது அடி தலைக்கு வந்தது. ஏட்டம்மா அவனைக் காலரைப் பிடித்து இழுத்ததால் காதை மட்டும் கிழித்துக்கொண்டு போனது. இழுத்த வேகத்தில் அவள் ஜன்னலோரம் சரிந்தாள். மேனேஜர் கம்பியின் போனைத் தரையில் போட்டுக் குதிகாலால் இரண்டு தடவை மிதித்தார். வெளியே போனார். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

பத்து நாளைக்கு முன்பு வரை அந்தச் சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்று ஏட்டம்மா நினைத்துக்கொண்டாள்.

"பேரைத்தானே சொல்லக் கூடாதுன்னீங்க," என்றான் கம்பி, ரத்தம் வழிகிற காதைப் பொத்திக்கொண்டு. "இடத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"மைனாங்கிறது இவன் பெண்டாட்டி. செருப்புகூடப் போடாம ஓடியிருக்கா. ஒரு மாடிதான் ஓட முடிஞ்சிருக்கு. உன் வாயை அப்புறம் தைக்கிறேன். எழுந்திரு."

"உங்க போன்?"

"ஹால்ல, பையில."

கம்பி நல்ல தோளால் கதவில் மோதினான். கதவு அசையவில்லை. ஏட்டம்மா கதவைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்தாள். ஹாலில் ஐந்து படங்கள், ஐந்தும் குழிக்கு மேலே. இந்த வீட்டில் எதுவும் அழகுக்காக மாட்டப்படவில்லை.

காலண்டரைக் கிழித்தாள். கதவின் பலகை உடைந்து, உள்பக்கம் முஷ்டியளவு ஓட்டை. எதிர்ப்பக்கப் பலகை மட்டும் விரிசலோடு நின்றது. அவன் முஷ்டி அதில் விழுந்தபோது கதவோடு ஒட்டி யார் நின்றிருப்பார்கள் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

தூசி படிந்த டம்பெல்லை எடுத்தாள். மூன்று அடி. பலகை பெயர்ந்தது. கையை முழங்கை வரை நுழைத்தாள். மரச் சிலாம்பு தோலைக் கிழித்துக்கொண்டே போனது. விரல் நுனியில் தாழ்ப்பாள் தட்டுப்பட்டது.

"அவன் குத்தின ஓட்டை," என்றாள். "அவனே நமக்குச் சாவி வச்சிட்டுப் போயிருக்கான்."

படியில் இறங்கும்போதே கீழ்க்கதவு உடைகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல், வலியில். பிறகு எதுவுமில்லை, தையல் மெஷினைத் தவிர.

இரண்டாவது மாடியில் தனியாக இருந்து தைத்துக்கொடுக்கிற டெய்லரம்மாவின் வீடு அது. கதவில் பெயர்ந்த பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. டெய்லரம்மா மெஷினுக்கு அடியில் விழுந்து கிடந்தாள். நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் காலுக்கடியில் மாட்டிக்கொண்ட பெடல் மெஷினை ஓட்டிக்கொண்டே இருக்க, ஊசி துணியே இல்லாமல் குத்திக்கொண்டிருந்தது.

"உள்ள," என்றாள், கையைக் காட்டி. "கால் ஒடிஞ்ச பொண்ணு. போங்க."

உள்ளறையில் மைனாவின் வலது கால் முட்டி வரை மாவுக்கட்டு. மேனேஜர் அவள் கூந்தலை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிலிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்று பழகிப்போன பெண்ணின் மௌனம் அது. கட்டில் சட்டத்தை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வீட்டுக்கு வா," என்று அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எத்தனை பேரு கண்ணுல விழணும் உனக்கு. வீட்டுக்கு வா."

கம்பி யோசிக்கவில்லை. அறையிலிருந்து ஓடி வரும்போது ரவுட்டரையும் ஒயரையும் கையிலேயே கொண்டுவந்திருந்தான். ஒயரை அவர் தலைக்கு மேலாக வீசிக் கழுத்தில் மாட்டி, முட்டியை முதுகில் ஊன்றி இழுத்தான். ஒடிந்த தோளில் பலம் இல்லை. மேனேஜர் பின்னால் சாய்ந்து அவனைச் சுவரில் மோதினார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது மோதலில் கம்பியின் வாயிலிருந்து ஒரு பல் தெறித்தது. ஒயரை விடவில்லை.

மேனேஜர் டம்பெல்லைத் தலைக்குப் பின்னால் ஓங்கினார். ஏட்டம்மா தன் கையிலிருந்ததை அவருடைய முட்டியில் இறக்கினாள். ஐந்து கிலோ இரும்பு, பக்கவாட்டில். முட்டி போகக் கூடாத திசையில் போனது.

அவர் விழுந்தார். விழுந்தும் கூந்தலை விடவில்லை. மைனாவும் அவரோடு தரைக்கு வந்தாள். அவர் இடது கை அவள் கழுத்தைத் தேடியது. அவள் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தூக்கினாள். பத்து நாளாகத் தூக்க முடியாத கால். முகத்தின் மேல் இறக்கினாள். மூக்கு உடைந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி. கட்டு விரிசல் விட்டு மாவு உதிர்ந்தது.

நாலாவது தடவை ஏட்டம்மா அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா. அவன் உயிரோட வேணும்."

"எனக்கு வேண்டாம்," என்றாள் மைனா.

"எனக்கு வேணும். ஒரு பொண்ணுகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

கம்பி மேனேஜரின் கைகளை அதே ஒயரால் பின்னால் கட்டினான். ஏட்டம்மா டெய்லரம்மாவின் போனில் பழைய ஸ்டேஷனைக் கூப்பிட்டாள். ஆம்புலன்சுக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"போலீசா," என்றாள் மைனா. "ரெண்டு தடவை போனேன். ரெண்டு தடவையும் டீ வாங்கிக் குடுத்து, சமாதானம் பேசி, இவர் கூடவே அனுப்பி வச்சாங்க. சாட்சி இருக்கான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் போனை அலமாரி மேல வச்சு எடுக்க ஆரம்பிச்சேன். அடிக்கிறப்போ எல்லாம்."

அவளுடைய போன் கட்டிலுக்கு மேல் ஜன்னல் விளிம்பில் சார்ஜில் இருந்தது. கம்பி எடுத்துப் பார்த்தான்.

"சிம்மைக் கழட்டிட்டேன்," என்றாள் மைனா. "சிம் இல்லாட்டி யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

"சிம் இல்லாட்டி என்ன. மேல் வீட்டுப் புது ரவுட்டர் இங்க வரைக்கும் எட்டுது. பாஸ்வேர்டு பழசு. உங்க போன் தானா ஒட்டிக்கிட்டு, சேர்த்து வச்ச வீடியோவை எல்லாம் ராப்பகலா மேல ஏத்தியிருக்கு." அவன் பல் போன வாயால் சிரிக்கப் பார்த்து, வலித்து, விட்டுவிட்டான். திரையை மேனேஜரின் உடைந்த மூக்குக்கு நேராகப் பிடித்தான். "உங்க நெட் ஏன் ஸ்லோன்னு கேட்டீங்களே சார். நீங்கதான். முந்நூத்துப் பன்னெண்டு வீடியோ, எல்லாத்துலயும் நீங்கதான். நான் ஒயரைப் பிடுங்கறதுக்கு முன்னாடியே, உங்க வீட்டு நெட்லயே முழுசா ஏறி முடிஞ்சிடுச்சு. இனி போனை உடைச்சாலும் போகாது."

மேனேஜர் முதல் தடவையாகச் சிரிப்பை நிறுத்தினார்.

வெளியறையில் டெய்லரம்மா நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். ஏட்டம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "புதன்கிழமை படியில சத்தம் எதுவும் கேக்கலையாம்மா?"

"மெஷின் ஓடிட்டிருந்துச்சு. எனக்கு எங்க கேக்கும்."

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள் மைனா உள்ளேயிருந்து. "யாரோ 'தெரியாது சார், தெரியாது சார்'னு சொல்லிட்டே இருந்தார். நாலஞ்சு தடவை. இவர் குரல் மாதிரி இருந்துச்சு, பயத்துல போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன். அது யாரு?"

ஏட்டம்மா எழுந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் மரக்கட்டையில் நிறுத்திய ஒரு இரும்பு முள் இருந்தது. வருகிற பில், ரசீது எல்லாவற்றையும் டெய்லரம்மா அதில் குத்தி வைப்பது வழக்கம். மேலாக இருந்த சீட்டு அவளுக்குத் தெரிந்த தாள். கேபிள் ஆபீசின் புகார் நோட்டிலிருந்து கிழித்தது.

"இது எப்ப வந்தது?"

"அதுவா. புதன்கிழமை கதவுக்கு அடியில தள்ளியிருந்தாங்க. கேபிள் பில்லுன்னு குத்தி வச்சேன். மாசக் கடைசியில பார்த்துக்கலாம்னு."

ஏட்டம்மா சீட்டை உருவினாள். முள் குத்திய ஓட்டைக்கு இரு பக்கமும், படியில் நின்று அவசரமாகக் கிறுக்கிய எழுத்து:

*உங்க வீட்ல உள்ள போன் மேல் வீட்டு நெட்ல ஏறுது. உடனே ஆஃப் பண்ணுங்க. நான் யார்கிட்டயும் சொல்லல.*

கம்பி அவள் தோளுக்கு மேலாக அதைப் படித்தான்.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. ஏட்டம்மா சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரத்தம் காயாத விரலால் டெய்லரம்மாவின் போனில் லைன்மேன் மனைவியின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அவள்.

"உன்கூடப் பேசினதால விழலைம்மா. அவர் விழவே இல்ல."

"அப்புறம்?"

"ஒரு பேரைச் சத்தமாப் படிச்சிட்டார்னு சொன்னே இல்ல. அது ஒண்ணுதான் அவர் பண்ணின தப்பு," என்றாள் ஏட்டம்மா. "அதுக்கப்புறம் நாலு அடி விழுந்துச்சு. நாலு அடிக்கும், அந்தப் பேருள்ளவ எங்கன்னு அவர் சொல்லலை."